பன்னிரண்டு மணிக்குக் கதவு திறக்கும்போது

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'இணையத்தளங்கள் ஏன் படுத்துவிடுகின்றன?' என்பது. எனக்கு முன் பேசிய இருவரும் கணினித் துறையில் பட்டம் பெற்றவர்கள். நான் பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தவன். ஆனாலும் இந்தத் தலைப்பில் பேச எனக்கும் ஓர் உரிமை இருக்கிறது. ஒரே நொடியில் ஆயிரக்கணக்கானோரை ஓர் இணையத்தளத்தின் வாசலில் கொண்டுபோய்த் தள்ளுவது என் தொழில். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் 2021ஆம் ஆண்டு மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனா காலம். அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கு விருப்பப்பட்டவர்கள் இணையம் வழி முன்பதிவு செய்யலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. மே 2ஆம் தேதி நடந்த முதல் சுற்றில் கோலாலம்பூர், சிலாங்கூருக்கென ஒதுக்கிய 268,800 இடங்களும் சில மணி நேரத்தில் முடிந்துவிட்டன. இரண்டாம் சுற்று மே 26ஆம் தேதி, நண்பகல் 12 மணிக்கு. அன்றைக்குப் பலருக்குப் பக்கம் சரியாகத் திறக்கவே இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தியவர்களுக்கும் பிழைச் செய்திதான் வந்தது. பொறுப்பு அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அன்றைய கோளாறுக்கு இன்னதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் யாருக்கு இடம் கிடைத்திருக்கும் என்பதை மட்டும் யோசியுங்கள். வேகமான இணைய இணைப்பு, புதிய கைப்பேசி, பிழை வந்தாலும் சளைக்காமல் மறுபடி மறுபடி அழுத்துகிற விரல், இவை மூன்றும் உள்ளவர்களுக்கு. தோட்டப்புறத்தில் மகனோ பேரனோ வேலை முடிந்து வந்து பதிந்து தருவான் என்று காத்திருந்த பாட்டிக்கு அல்ல. ஓர் இணையத்தளம் திணறினால் எல்லாரும் சமமாகப் பாதிக்கப்படுவதில்லை. ஏற்கெனவே பின்னால் நிற்பவர்கள்தான் இன்னும் பின்னால் தள்ளப்படுகிறார்கள். ஆகவே இதைக் கணினிக்காரர்களின் உள்விவகாரம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

இப்படி ஏதாவது நடந்தால் நமக்குக் கிடைக்கும் வழக்கமான பதில், 'எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம்' என்பது. கேட்டவுடன் நியாயமாகத் தோன்றும். ஆனால் பல நேரங்களில் கேள்வி எத்தனை பேர் வந்தார்கள் என்பதில் இல்லை. எப்படி வந்தார்கள் என்பதில் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த பத்துமலையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் அங்கே வருகிறவர்களைக் கூட்டி 365ஆல் வகுத்து, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டுத் தண்ணீர்ப் பந்தலும் போலீஸ்காரர்களும் ஏற்பாடு செய்தால் தைப்பூசத்தன்று என்ன ஆகும்? தைப்பூசத்தன்றுகூடக் கூட்டம் ஒரே சீராக இருப்பதில்லை. தலைநகரின் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்பட்ட வெள்ளி ரதம் வந்து சேரும் நேரம் வேறு, விடியற்காலையில் காவடிகள் ஆற்றங்கரையிலிருந்து கிளம்பும் நேரம் வேறு, உச்சி வெயிலில் அந்த 272 படிகள் இருக்கும் நிலை வேறு. ஆலய நிர்வாகத்தில் அனுபவப்பட்ட ஒரு பெரியவரைக் கேட்டால் மணிக்கு மணி கூட்டம் எப்படி ஏறி இறங்கும் என்று விரல் மடக்கிச் சொல்வார். அவர் சொல்கிற அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கணினிக்காரர்கள் சுமைக் கோடு என்று வரைபடமாகப் போடுகிறார்கள்.

தொலைக்காட்சிக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. 1990ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி உலகக் கிண்ணக் காற்பந்து அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதின. பினால்டியில் இங்கிலாந்து தோற்றது. ஆட்டம் முடிந்த கையோடு பிரிட்டன் முழுவதும் மக்கள் எழுந்துபோய்த் தேநீருக்குக் கெட்டிலைப் போட்டார்கள். நாட்டின் மின்சாரத் தேவை ஒரே மூச்சில் 2,800 மெகாவாட் எகிறியது. அழுதுகொண்டே தேநீர் போட்டார்களா என்று தெரியாது. ஆனால் மின்வாரியத்தார் அப்போதும் தொலைக்காட்சி நிகழ்ச்சி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள், இன்றும் அப்படித்தான். நம்மூர் மாமாக் கடையில் காற்பந்து ஒளிபரப்பாகும் இரவில் இடைவேளை விசில் ஊதினால் எத்தனை தே தாரேக் கேட்பார்கள் என்று அந்தக் கடை அண்ணனுக்குத் தெரியுமல்லவா? அதே கணக்குதான்.

சரி, இணையத்தளத்துக்கு இதை எப்படி ஒத்திகை பார்ப்பது? உண்மையான ஒரு லட்சம் பேரைக் கூட்டி வந்து அழுத்தச் சொல்ல முடியாது. அதற்காகவே மென்பொருள்கள் இருக்கின்றன. ஜேமீட்டர், கேட்லிங், கே6, லோகஸ்ட் என்று பல. லோகஸ்ட் என்றால் வெட்டுக்கிளி. பொருத்தமான பெயர்தான். இவை பொம்மைப் பயனர்களை உருவாக்கி இணையத்தளத்துக்கு அனுப்பும். ஒவ்வொரு பொம்மையும் மனிதரைப் போலவே பக்கத்தைத் திறக்கும், சற்று நேரம் படிப்பதுபோல் சும்மா இருக்கும், பிறகு பொத்தானை அழுத்தும்.

இதில்தான் சோம்பல் புகுந்துகொள்கிறது. பலர் என்ன செய்கிறார்கள் என்றால், 'ஆயிரம் பொம்மைகள், ஒரு மணி நேரம்' என்று ஒரே எண்ணைத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். வரைபடம் மேசை மாதிரி தட்டையாக வரும். ஒரு மணி நேரம் தாங்கிவிட்டது, சோதனையில் தேறிவிட்டது என்று அறிக்கை எழுதுவார்கள். மேசை மாதிரி தட்டையான கூட்டத்தை நம் வாழ்வில் எங்கே பார்த்திருக்கிறோம்?

அதற்குப் பதிலாகச் சுமைக் கோட்டையே நிரலாக எழுதலாம். லோகஸ்ட்டில் அதற்கென ஒரு வசதி உண்டு. பைத்தன் மொழியில் ஒரு சின்னச் செயற்கூறு எழுத வேண்டும். கடிகாரம் டிக் டிக் என்று ஓடுவதுபோல ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை மென்பொருள் அதைக் கூப்பிட்டு, 'இப்போது எத்தனை பேர் இருக்க வேண்டும்? நொடிக்கு எத்தனை பேர் வீதம் அந்த எண்ணுக்குப் போக வேண்டும்?' என்று இரண்டு கேள்விகள் கேட்கும். அந்தச் செயற்கூறின் பெயரும் டிக்தான். பதிலை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் கணக்கிட்டுக் கொடுக்கலாம். முதல் நிமிடத்தில் இருநூறு, அடுத்த பத்து நொடிகளில் இருபதாயிரம், பிறகு மெல்ல இறங்கி ஐயாயிரம் என்று படிக்கட்டாக எழுதலாம். கடலலைபோல் ஏறி இறங்க வேண்டுமானால் பள்ளியில் படித்த சைன் சூத்திரத்தைப் போடலாம். பதில் எதுவும் கொடுக்காவிட்டால் சோதனை முடிந்தது என்று அர்த்தம். லோகஸ்ட்டோடு வரும் மாதிரி நிரல்களில் ஒன்று இரட்டை அலை. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மேடு, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மேடு. அதை எழுதியவருக்குப் பசி நேரத்தின் அருமை தெரிந்திருக்கிறது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டுப் போட்டியின் நேரலையை நான் நடத்தினேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். இணையம் வழி வாக்களிப்பு. அந்த வாக்களிப்புப் பக்கத்தைத் தயாரித்த இளைஞர் ஒளிபரப்புக்கு இரண்டு வாரம் முன்பு என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, உங்க நிகழ்ச்சி நிரலைக் கொஞ்சம் கொடுங்க" என்றார்.

"அது எதுக்குத் தம்பி உங்களுக்கு?"

"அதைப் பார்த்துத்தான் அண்ணே என் நிரலை எழுதணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. என் தாளில் இருந்த நேரங்களை அப்படியே தம் நிரலில் ஏற்றினார். 9 மணி 42 நிமிடத்துக்கு நான் 'வாக்களிப்பு இதோ தொடங்குகிறது' என்பேன். அந்த நொடியில் கோடு செங்குத்தாக ஏற வேண்டும். 9.45க்கு விளம்பரம், மக்கள் கழிவறைக்கும் சமையலறைக்கும் போவார்கள், கோடு இறங்க வேண்டும். 9.52க்குத் திரும்பி வந்து 'இன்னும் மூன்றே நிமிடங்கள்' என்பேன். முதல் முறையைவிட உயரமாக இரண்டாவது மேடு. நான் எந்தக் குரலில் சொல்வேன் என்பதைத் தவிர மற்றதெல்லாம் அவர் நிரலில் இருந்தது.

ஒத்திகையில் முதல் மேட்டை இணையத்தளம் சுலபமாகத் தாண்டியது. எல்லாரும் கைதட்டினோம். விளம்பர இடைவேளைக்குப் பிறகு வந்த இரண்டாவது மேட்டில் படுத்துவிட்டது. காரணம் வேடிக்கையானது. கூட்டம் கூடினால் தானாகக் கூடுதல் செர்வர்களை எடுத்துக்கொள்ளவும், கூட்டம் குறைந்தால் வாடகை மிச்சமாகட்டும் என்று தானாக விட்டுவிடவும் அந்த அமைப்பைப் பழக்கி வைத்திருந்தார்கள். விளம்பரத்தின்போது கூட்டம் குறைந்ததும் அது நல்ல பிள்ளையாகச் செர்வர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நான் 'மூன்றே நிமிடங்கள்' என்றதும் கூட்டம் நொடிகளில் வந்துவிட்டது. புதிய செர்வர்கள் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வேலைக்கு வரச் சில நிமிடங்கள் பிடித்தன. அதற்குள் வாக்களிப்பே முடிந்துவிடும்!

தட்டையான கோட்டை வைத்துப் பத்து மணி நேரம் சோதித்திருந்தாலும் இந்தக் குறை வெளிப்பட்டிருக்காது என்பதைக் கவனியுங்கள். குறை உச்சத்தில் இல்லை, இரண்டு உச்சங்களுக்கு நடுவில் இருந்த பள்ளத்தில் இருந்தது. பிறகு அவர் வாக்களிப்பு முடியும்வரை செர்வர்களை விடக்கூடாது என்று கட்டளை போட்டார். நேரலையன்று ஒரு சிக்கலும் இல்லை.

நாங்கள் செய்தது சிறிய அளவு. பெரிய அளவில் செய்தவர்கள் இந்தியாவின் ஹாட்ஸ்டார் நிறுவனத்தார். 2019 ஜூலை 10ஆம் தேதி மான்செஸ்டரில் இந்தியாவுக்கும் நியூசிலாந்துக்கும் உலகக் கிண்ணக் கிரிக்கெட் அரையிறுதி. மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போன ஆட்டம். டோனி களத்தில் நின்றபோது ஒரே நேரத்தில் 25.3 மில்லியன் பேர் ஹாட்ஸ்டாரில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டின் மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய கூட்டம் என்பது விளங்கும். மார்ட்டின் கப்டில் எறிந்த பந்தில் டோனி ரன் அவுட் ஆனார். கூட்டம் சரசரவெனக் கலைந்தது.

கூட்டம் கலைந்தால் செர்வருக்கு நிம்மதிதானே என்று நாம் நினைப்போம். அதுதான் இல்லை என்று அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆட்டத்தைப் பார்ப்பவர் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் செயலியின் முகப்புப் பக்கத்துக்குத்தான் வருவார். முகப்புப் பக்கம் என்ன செய்யும்? உங்களுக்குப் பிடித்த படம் எது, பாதியில் விட்ட தொடர் எது என்று பல செர்வர்களைக் கேட்கும். ஆட்டம் பார்க்கும்போது சும்மா இருந்த செர்வர்களின் மீது கூட்டமெல்லாம் ஒன்றாக வந்து விழும். ஆகவே ஏறுகிற கோட்டை மட்டுமல்ல, விழுகிற கோட்டையும் அவர்கள் ஒத்திகை பார்த்தார்கள். சுமையை உண்டாக்குவதற்கென்றே உலகின் எட்டு இடங்களில் வாடகைக் கணினிகளை எடுத்து, மொத்தம் 108,000 மையச் செயலிகளைக் கொண்டு தங்கள் தளத்தையே தாக்கிப் பார்த்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு ஹல்க் என்று பெயர் வைத்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்துத் தானாகச் செர்வர் எடுக்கும் முறை இந்த வேகத்துக்குச் சரிவராது என்பதால், முன்கூட்டியே போதிய செர்வர்களை எழுப்பி வைத்துக்கொண்டார்கள். 2023 நவம்பர் 19ஆம் தேதி நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அதே தளம் ஒரே நேரத்தில் 59 மில்லியன் பேரைத் தாங்கியது.

மறுபக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2013 அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்க அரசாங்கம் மருத்துவக் காப்புறுதிக்காக ஹெல்த்கேர்.காவ் என்ற இணையத்தளத்தைத் திறந்தது. ஒரே நேரத்தில் 50,000 முதல் 60,000 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், 250,000 பேர் வந்தார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். முதல் நாளில் முழுமையாகப் பதிந்து முடித்தவர்கள் ஆறு பேர். ஆறு ஆயிரம் அல்ல, ஆறே ஆறு பேர்.

இதையும் கூட்டத்தின் மீது போட்டுவிடலாம். ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்தது. காப்புறுதித் திட்டங்களின் விலையைப் பார்ப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் பெயர், விவரம் கொடுத்துக் கணக்குத் திறக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அந்த ஒரே வாசலில் மோதினார்கள். துணிக்கடையில் புடைவையைப் பார்ப்பதற்கு முன் அடையாள அட்டையைக் காட்டிப் பாரம் நிரப்பு என்றால் தீபாவளி நேரத்தில் மஸ்ஜிட் இந்தியாவில் என்ன நடக்கும்? நூறு பேர் வந்தால் எழுபது பேர் பார்ப்பார்கள், இருபது பேர் விசாரிப்பார்கள், பத்துப் பேர் வாங்குவார்கள் என்ற விகிதமும் சுமைக் கோட்டின் ஒரு பகுதி. பொம்மைகளுக்கு எந்த வேலையை எந்த விகிதத்தில் செய்ய வேண்டும் என்று நிரலில் எழுத முடியும். எழுதுவதற்கு, வாடிக்கையாளர் எப்படி நடந்துகொள்வார் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கொஞ்சம் நுட்பமான ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். பொம்மைகளில் இரண்டு வகைக் குணம் உண்டு. ஒரு வகை, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, வந்த பிறகுதான் அடுத்த பொத்தானை அழுத்தும். செர்வர் மெதுவானால் இவையும் மெதுவாகிவிடும். தளம் திணறும்போது சுமை தானாகக் குறைந்து கொடுக்கும். சோதிப்பவரே சோதனைக்கு உட்படுபவருக்கு இரக்கம் காட்டுவது போன்றது இது. உண்மையில் மே 26ஆம் தேதி நண்பகலில் நாம் அப்படியா இருந்தோம்? உள்ளே இருப்பவர் முடித்தாரா இல்லையா என்று பார்க்காமல் வெளியிலிருந்து புதியவர்கள் வந்துகொண்டே இருந்தோம். அதுதான் இரண்டாவது வகை. எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று சொல்லாமல், நொடிக்கு எத்தனை பேர் வர வேண்டும் என்று எழுதுவது. கே6, கேட்லிங் இரண்டிலும் இதற்கு வழி உண்டு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் முடிவுகள் எவ்வளவு தவறாகும் என்று கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 500 பேர் வருகிறார்கள். ஒருவர் வேலையை முடிக்க 4 நிமிடம், அதாவது 240 நொடி. எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் உள்ளே 120,000 பேர் இருப்பார்கள். தளம் சற்று மெதுவாகி 4 நிமிடம் 8 நிமிடமானால் உள்ளே 240,000 பேர். வெளியிலிருந்து ஓர் ஆள்கூட அதிகமாக வரவில்லை. ஆனாலும் கூட்டம் இரண்டு மடங்கு. அதனால் தளம் மேலும் மெதுவாகும், மேலும் கூட்டம் சேரும். பிறகு, 'எதிர்பாராத கூட்டம்' என்று அறிக்கை வரும்.

நம் நாட்டுக்கே உரிய கோடுகளும் உண்டு. நோன்பு மாதத்தில் உணவு விநியோகச் செயலிகளின் கூட்டம் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் குவியும். அந்த நேரமோ நாளுக்கு நாள் நகரும், கோத்தா பாருவில் ஒன்று, அலோர் ஸ்டாரில் ஒன்று. ஆகவே '7 மணி' என்று நிரலில் ஆணி அடித்து எழுதக்கூடாது. தேதியையும் ஊரையும் கொடுத்தால் நேரத்தை அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கொடுக்கும் பொதுவான கோட்டில் இது இருக்காது. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே தெரியும். பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் கணினி படிக்கும் மாணவர்கள் இதை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. லோகஸ்ட் இலவச மென்பொருள். வீட்டுக் கணினியில் நீங்களே ஒரு சிறு தளத்தை அமைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அடுத்தவர் தளத்தின் மீது மட்டும் அனுமதியில்லாமல் விட்டுப் பார்க்காதீர்கள். அது சோதனை ஆகாது, தாக்குதல். 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் நினைவிருக்கட்டும்.

அரங்கில் ஓர் ஐயா, 'இதற்கெல்லாம் செலவு யார் கொடுப்பது?' என்று துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார். ஐயா, சோதனைக்கு எடுக்கும் கணினிகளுக்கு மணிக்கணக்கில்தான் வாடகை. பெரிய செலவு, கோடு எப்படி இருக்கும் என்று யோசிக்கும் நேரம்தான். உங்கள் ஆலயமோ சங்கமோ கூட்டுறவுக் கழகமோ நாளை இணையத்தில் நுழைவுச்சீட்டு விற்கவோ கல்வி நிதிக்கு விண்ணப்பம் வாங்கவோ போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தளம் கட்டித் தருபவர், 'ஐயாயிரம் பேரைத் தாங்கும்' என்பார். அதோடு விட்டுவிடாதீர்கள். 'ஐயாயிரம் பேரும் எத்தனை நிமிடத்தில் வந்தார்கள்? வரைபடத்தைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். வரைபடம் மேசை மாதிரி இருந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். விற்பனை எத்தனை மணிக்குத் திறக்கும், வானொலியில் எப்போது அறிவிப்பீர்கள், கடைசி நாள் எது என்று நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இந்தக் கோட்டை வைத்துச் சோதித்துக் காட்டும்படி ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டதாக நெறியாளர் மணியடிக்கிறார். மற்ற கேள்விகளுக்கு விளம்பர இடைவேளைக்குப் பிறகு பதில் சொல்கிறேன்.